பச்ச உடம்புக்காரியின் மனசு

(சேரிப் பெண்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், தலைச்சன் பிள்ளைத்தாச்சிகளுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ள வாங்க தோழர்களே, பாய் காலியாத்தான் இருக்கு. இது பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒதுங்கி நிக்கிற விஷயம் இல்ல.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தா, கவிதையும் எழுதுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தபோது நடந்ததை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

பிரசவ வார்டில் இடுப்புவலியில் கத்தினேன். ‘படுக்கும்போது இனிச்சுதா, இப்ப எதுக்குக் கத்துற’ என்று கேட்டார்கள். எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுக் கடைசிக் கட்டிலைக் காட்டினார்கள். பட்டம் படித்தவள், மாசச் சம்பளக்காரி, எல்லாம் அந்த வாசலோடு கழன்றுபோனது. அந்தப் பேச்சு பிள்ளை பிறந்த பிறகும் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பெண் குழந்தை. அம்மா வீட்டுக்கு வந்தேன். நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை. பால் கட்டினால் அழுகை, பத்தியச் சோறு வைத்தால் அழுகை. இது நிறையப் பேருக்கு வரும். நஞ்சு விழுந்ததும் உடம்பில் சுரப்புகள் சட்டென்று இறங்கிவிடுகின்றன, தூக்கமும் கிடையாது. ரெண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். இதற்கு மருந்து வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டும்.

எனக்குப் போகவில்லை. மூணாவது வாரம் குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கவுண்ட்டரில் கட்டுக்கட்டாக நோட்டு எண்ணுகிறவளுக்கு, பால் எத்தனை முறை கொடுத்தோம் என்று எண்ண முடியவில்லை. குழந்தை அழுதால் யாருடைய பிள்ளையோ அழுகிற மாதிரி இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: அதைத் தொடப் பிடிக்கவில்லை. நான் செத்துப்போனால் அது நல்லா வளரும் என்று தோன்றியது. மனசைப் பத்திப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான், என் மனசுக்கு வந்தது நோய் என்று தெரியவில்லை.

‘திமிருடி, ஒரு புள்ளக்கே இப்படி’ என்றார் அத்தை. அம்மா காத்து கருப்பு என்று பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்தாள். பகுத்தறிவு பேசுகிற தோழர்கள் சிரிக்க வேண்டாம். எங்கம்மாவுக்கு ஏதோ ஒன்று கண்ணில் பட்டது, அத்தைக்கு அதுவும் படவில்லை. நம்ம கிழவிகள் ‘பிரசவ ஜன்னி’ என்று பேர் வைத்திருந்தார்கள். பச்ச உடம்புக்காரியைத் தனியா விடாதே என்றார்கள், தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். பேறுகாலத்துக்குப் பிறகு புத்தி கலங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா ராத்திரியெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாளே, அது எனக்குப் பாதி மருந்து. வேப்பிலையோட நின்னிருந்தா இன்னைக்கு உங்க முன்னால நான் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஒண்ணரை மாசத் தடுப்பூசிக்கு வந்த கிராம செவிலியர் குழந்தையை எடை போட்டுவிட்டு என்னைப் பார்த்து, ‘நீ தூங்குறியாம்மா?’ என்று கேட்டார். உடைந்துவிட்டேன். அவர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்று அங்கேதான் தெரிந்தது. எழுந்து நடமாட ஆறு மாசம் ஆனது.

இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன், மார்க்காம்பைப் பிடித்துவிடுவது வரைக்கும் சொல்லித் தருகிறார்கள். வளைகாப்பில் கலவைச் சோறு போடுகிறார்கள். இப்படி ஒன்று வரலாம் என்று ஒருத்தராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த ஒண்ணரை மாசம் நான் என்னையே பாவி என்று நினைத்திருக்க மாட்டேன். அதனால்தான் பிள்ளை பெறுவதற்கு முன்னாலேயே உங்களிடம் வந்திருக்கிறேன்.

இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘இதெல்லாம் மேல்தட்டுப் பொம்பளைங்க நோய். நாத்து நடுறவளுக்கு ஏது நேரம்?’ அவருக்கு ஒரு பதில். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 100க்கு 11 பேர். எதனால்? குறைந்த வருமானம், ஆண் வேண்டுமென்று இருந்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, மாசமாக இருக்கும்போது நேர்ந்த துன்பங்கள், கைஉதவிக்கு ஆள் இல்லாதது. இதில் எது மேல்தட்டு, தோழர்? நேரம் இல்லாதவளுக்கு நோய் வராமல் இல்லை, வந்ததைச் சொல்லத்தான் நேரமில்லை.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1929இல் அது சட்டமானது. 2017இல் விடுப்பு 26 வாரம் ஆனது. வங்கிக்காரி நான் சம்பளத்தோடு அனுபவித்தேன். எனக்கு அடுத்த கட்டிலில் பெற்றவள் இருபதாம் நாள் களையெடுக்கப் போனாள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து உதவி அவளுக்கு வந்ததா என்று கேட்டேன். தவணை பாக்கி என்றாள். அவள் தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியும் எனக்கு உண்டு.

இப்ப தங்கச்சிகளுக்கு. அழுகை ரெண்டு வாரம் தாண்டினால், குழந்தை தூங்கியும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாவிட்டால் சொல்லிவிடு. ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தன்னையோ குழந்தையையோ என்னமோ செய்யணும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. ஆயிரத்தில் ஒண்ணு ரெண்டு பேருக்கு இல்லாத குரல் கேட்கும், பேச்சு குழம்பும். பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள். அது அவசரம், ரத்தப்போக்கு மாதிரி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 14416 என்று போன் போட்டால் காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி மூணு வயசுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது.

மாமியார்மார்களே, ‘சாகணும்னு தோணுதா’ன்னு கேட்டா நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. கேட்கிறதால யாரும் சாகமாட்டாங்க.

தோழர்களே, மேடையில விடுதலை பேசிட்டு வீட்டுக்குப் போறீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ள அழுதா எழுந்திரிக்கிறது யாரு? பால் கொடுக்கத்தான் உங்களால முடியாது. துணி மாத்தலாம், தோள்ல போட்டு நடக்கலாம், அவளை நாலு மணி நேரம் ஒரே மூச்சா தூங்க விடலாம்.

நேரமாச்சு. அந்தக் கோடியில் பச்சைப் புடவை கட்டின தங்கச்சி ரொம்ப நேரமா ஏதோ கேட்கணும்னு பார்க்குது. மைக்க அங்க குடுங்க.