வார்டில் ஒரு தலைமை

தலைமை என்றவுடன் மேடையும் மாலையும் கைதட்டலும் நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனை வார்டில் இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும், அங்கே வேண்டப்படுவது போன்ற தலைமை வேறெங்கும் வேண்டப்படுவதில்லை என்பது என் எண்ணம். தாதிமைக் கல்வி பயிலும் மாணவ மாணவியர் அதற்கு எவ்வாறு பழகலாம் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை, கையில் விளக்கேந்திய கருணை வடிவமாகவே நாம் அறிவோம். அவர் சிறந்த நிர்வாகியுமாவார். 1854-இல் 38 தாதியருடன் கிரிமியப் போரில் காயமுற்றோருக்குப் பணிபுரியச் சென்றவர். 1860-இல் லண்டனில் தாதியர் பள்ளி கண்டவர். தாதிமை பற்றிய தம் நூலில் அவர் ஓர் அரிய கருத்தைச் சொல்கிறார். பொறுப்பேற்பது என்பது தன் வேலையைத் தான் செவ்வனே செய்வது மட்டும் அன்று. தான் இல்லாத நேரத்திலும் அது தவறாது நடைபெற வழி செய்வதாகும்.

இதை வார்டில் பொருத்திப் பார்ப்போம். அறுவை முடிந்த நோயாளி ஒருவருக்கு மாலையில் நாடித்துடிப்பு மிகுகிறது, சிறுநீர் குறைகிறது. பயிற்சி மாணவி அதனைக் குறித்து வைக்கிறாள். அத்துடன் அவள் கடமை முடிந்துவிடுமா? உடனே மூத்த தாதியிடம் தெரிவிக்க வேண்டும். பணிமுறை மாறும்போது இரவுத் தாதியிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறுபடி எப்போது பார்ப்பது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘பெரியவர்களுக்குத் தெரியாததா!’ என்று அவள் வாளா இருந்துவிட்டால், உள்ளே கசியும் இரத்தம் விடியும்வரை காத்திருக்குமா? அடக்கம் நல்ல குணந்தான். ஆனால், உயிர் ஊசலாடும் இடத்தில் மௌனம் அடக்கமாகாது.

இதில் மூத்தோர்க்கும் பங்குண்டு. ஐயத்தைச் சொல்லவந்த மாணவியைச் சீறி விரட்டுகிறவர், அவளை மட்டுமன்றி, அதைப் பார்த்து நிற்கும் பத்துப் பேரையும் ஊமையாக்குகிறார். பேசப் பழக்கினால்தான் பேச்சு வரும். இதனை உணர்ந்தே போலும், 1908-இல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற தாதியர் சங்கம், 1929-இல் மாணவத் தாதியர்க்கென்றே ஒரு கிளையை ஏற்படுத்தியது. தலைமைத் திறனை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கூட்டம் கூட்டுவதும், கணக்கெழுதுவதும், மாறுபட்ட கருத்தைப் பொறுமையாகக் கேட்பதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். நாளை ஒரு வார்டை நடத்தும் கை அவற்றில்தான் தேறுகிறது.

சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. 1968-இல் அம்மையார் மறைந்தார். நிலையமோ வளர்ந்து, இன்றும் பணி புரிந்து வருகிறது. தாம் இல்லாதபோதும் நடைபெறும்படி அவர் அதனை அமைத்துச் சென்றார்.

மாணவ நண்பர்களே! பதவி வரட்டும், பிறகு தலைமை தாங்கலாம் என்று காத்திராதீர்கள். இன்று மாலை பணி முடித்துப் புறப்படுமுன், அடுத்து வருபவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டோமா என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். தலைமைக்கு அதுவே முதற்பாடம்.