பெயர்த்து நட்ட மரம்



வீட்டை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. கொல்லையில் காய்த்துக்கொண்டிருக்கும் எலுமிச்சை மரம் குறுக்கே நிற்கிறது. வெட்ட மனம் வரவில்லை. எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பிழைக்குமா என்று கேட்கிறோம். பிழைக்கும். ஆனால் இன்று தோண்டி நாளை நட்டால் பிழைப்பது அரிது.

மரத்தைத் தாங்கி நிற்பவை தடித்த வேர்கள். தண்ணீர் ஊட்டுபவை சல்லிவேர்கள். அவை கிளைகளின் நிழலையும் தாண்டி மேல்மண்ணில் பரவிக் கிடக்கும். மரத்தைத் தோண்டும்போது அறுபடுபவை பெரும்பாலும் அவைதாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பல மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குகிறார்கள். மரத்தைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குக் குழி பறித்து, வேரை அறுத்து, தொழுவுரம் கலந்த மண்ணால் மூடுவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபாதி. அறுபட்ட இடத்தில், அடிமரத்துக்கு அருகிலேயே, புதுச் சல்லிவேர்கள் விடும். அதன் பிறகுதான் கிளைகளைக் கழித்து, தாய்மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டித் தூக்குவார்கள். புதுக் குழியில் பழைய ஆழமே போதும். காற்றில் ஆடாதபடி முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு பூத்தாலும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். நமக்குக் கடினமான வேலை இதுதான். இடம் கொடுத்தோமே, பழம் எங்கே என்று கை அரிக்கும்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அத்திமரத்துக்காக ஓராண்டு தவணை கேட்டாரே ஒரு தோட்டக்காரர், அவரும் சும்மா காத்திருப்பதாகச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகத்தான் சொன்னார்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் ஓர் ஆரஞ்சு மரம் இருக்கிறது. 1870களில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணி வளர்த்த இரண்டு கன்றுகளில் ஒன்று அது. விதையில்லாத நேவல் ஆரஞ்சு. அந்த இரண்டின் மொட்டுகளை எடுத்து ஒட்டுக்கட்டித்தான் அங்கே தோட்டம் தோட்டமாகப் பெருகிற்று. ஏறக்குறைய 30 வயதில் இரண்டையும் இடம் மாற்றினார்கள். 1903இல் ஒன்றை ஓர் ஓட்டலின் முன்னால் நட்டபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே மண்வெட்டி பிடித்தார். அந்த மரம் பிற்பாடு பட்டுப்போயிற்று! அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சாலைச் சந்திப்பில் நட்ட மற்றது இன்றும் நிற்கிறது. தானாக நிற்கவில்லை. அதன் வேர்ப்பகுதி நோயால் நலிந்தபோது, 1918இல், சுற்றிலும் இளங்கன்றுகளை நட்டு, அவற்றின் தண்டுகளை அடிமரத்தோடு ஒட்டுக்கட்டினார்கள். கன்றுகளின் வேர் உறிஞ்சிய நீர் கிழமரத்துக்குள் ஏறியது.

நேயர்களே, நம் பங்குகளில் இப்போது நடப்பதைப் பார்க்கிறோம். அப்பா இறந்துவிடுகிறார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாளே வீட்டைப் பூட்டி, அம்மாவைக் காரில் ஏற்றி, நகரத்து மூன்றாம் மாடியில் கொண்டு வைத்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் காலை மணியோசை, அன்பியக் கூட்டம், வேலிக்கு அப்பாலிருந்து குழம்பு கேட்கும் அக்கா, எல்லாம் ஒரே நாளில் அறுபடுகின்றன. நல்ல சாப்பாடும் தனி அறையும் கொடுத்தும் அம்மா ஏன் வாடுகிறார் என்று பிறகு மருத்துவரிடம் கேட்கிறோம்.

முதலில் பத்து நாள் வந்து தங்கட்டும், திரும்பிப் போகட்டும், மறுபடி வரட்டும். நம் அன்பியத்தில் அவர் வயதுடைய ஒருவரை முன்கூட்டியே அறிமுகம் செய்து வைப்போம். இரவுச் செபமாலையை அவர் தொடங்க, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்காரட்டும். ஊரிலிருந்து அவர் கட்டிக்கொண்டு வரும் பழைய மூட்டையைப் பிரித்து எதையும் தூக்கி எறிய வேண்டாம். முதல் ஆண்டில் அவர் சிரிக்கவில்லை, சமைக்கவில்லை என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற அம்மா ஊருக்குப் போக விரும்புவார். அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல், ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுவோம்.