தொடங்கவும் நிறுத்தவும்



ஒருவர் உண்ட தலைவலி மருந்தால் அடுத்த வீட்டாருக்கு அம்மருந்தின் பயன் குறைவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் இயல்போ வேறு. ஒருவர் அதனை வீணாக உண்டால், அவரை என்றும் கண்டிராத மற்றொருவருக்கும் அது பயன்படாமற் போகலாம். ஆன்டிபயாடிக் என்று மருந்துக் கடைகளில் வழங்கும் இவ்வின மருந்துகளைக் கையாளுவதில், தேர்ந்த மருத்துவ வல்லுநர்களுக்கும் தனிப்பயிற்சி ஏன் வேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

மருந்து உடலினுட் சென்றதும் அதற்கு எளிதில் மடியும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. அதனைத் தாங்கும் ஆற்றலுடைய சில எஞ்சிப் பெருகுகின்றன. அவை அவ்வாற்றலைத் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, அருகில் வாழும் வேறினப் பாக்டீரியாக்களுக்கும் வழங்க வல்லவை. 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே இதனை எச்சரித்தார். போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும் என்றார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறக்குறைய 12.7 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

வல்லுநர் ஒருவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு மேற்படிப்பும் கற்று, சிலர் அதற்கு மேலும் மூன்றாண்டு பயின்று வருகின்றனர். அவ்வாண்டுகள் பெரும்பாலும் இதயம், சிறுநீரகம் என ஓர் உறுப்பின் மீதே கருத்தைச் செலுத்துகின்றன. கிருமிக்கோ துறைப் பிரிவு இல்லை. மேலும், மிக நலிந்த நோயாளிகளும் மிக வலிய மருந்துகளும் வல்லுநரிடமே வந்து சேர்கின்றன. அவர் எழுதும் மருந்துச் சீட்டே இளம் மருத்துவர்க்குப் பாடநூலாகின்றது.

இவ்வுண்மையை நம் நாட்டு மருத்துவர்களும் உணர்ந்தனர். 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கத்தார் சென்னையிற் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்', இப்பயிற்சி இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் இடம்பெற வேண்டும் என்றது. 2014 மார்ச்சு முதல், வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றின் விற்பனையை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பதிவேடு, விற்றதைக் காட்டுமேயன்றி, எழுதியது முறைதானா என்று காட்டாது. அதனைக் காண்பது பயிற்சி பெற்ற அறிவே.

அப்பயிற்சி யாது? ஆசிரியப் பயிற்சி பெறுபவர், வகுப்பினுட் புகுமுன் பாடக் குறிப்பு எழுதுகின்றார். ஏன் கற்பிக்கிறோம், எதுவரை கற்பிக்கிறோம் என்பது அதில் இருக்கும். மருத்துவரும் அவ்வாறே சில வினாக்களுக்கு விடை எழுதப் பழகுகின்றார். இந்நோய் பாக்டீரியாவால் வந்ததா? வைரசால் வந்த சளிக்கு இம்மருந்தால் பயனில்லை. முதல் வேளை மருந்துக்கு முன் இரத்தமோ சிறுநீரோ சோதனைக்கு எடுக்கப்பட்டதா? இக்கிருமிக்கு மட்டும் போதுமான மருந்து எது? எந்நாளில் நிறுத்துவது? இரண்டு மூன்று நாட்களில் சோதனை முடிவு வந்ததும் மருந்தைச் சுருக்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ வேண்டும். அறுவை மருத்துவர் புண்ணில் கிருமி புகாமற் காக்கக் கத்தி வைப்பதற்கு முன்பே மருந்து கொடுக்கின்றார். அறுவை முடிந்த பின்னர் அக்காப்பு மருந்தை நீட்டிக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2016இல் தந்த அறிவுரை.

இதனால், மருந்து கொடுக்க அஞ்சுவதே அறிவுடைமை என்று எண்ணிவிடாதீர்கள். கிருமித் தொற்றால் உயிர் ஊசலாடும் நோயாளிக்கு ஒரு மணி நேரத் தாமதமும் தீங்காகலாம். அங்கே உடனே தொடங்குவதே கடமை. விரைந்து தொடங்கவும் உரிய நேரத்தில் நிறுத்தவும் ஒருங்கே அறிந்தவரே வல்லவர். நிறுத்துவதுதான் கடினம். கண்முன் கிடக்கும் நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் கையைத் தடுக்கின்றது. இனி வரப்போகும் நோயாளியின் முகமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வச்சம் இழிவானதன்று. ஆனால் சொற்பொழிவு கேட்பதனால் மட்டும் அது நீங்காது. ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டுகளைச் சக மருத்துவர் பார்வையிட்டு, குறை நிறைகளை உடனிருந்து எடுத்துரைக்க வேண்டும். மூத்தவரும் அதற்கு இசைய வேண்டும். பயிற்சி ஆசிரியர் நடத்தும் பாடத்தைப் பின்வரிசையில் அமர்ந்து ஒருவர் கவனிப்பதும், பின்னர்க் கலந்து பேசுவதும் இம்முறையே அன்றோ?

உங்களுட் சிலர் நாளை மருத்துவராவீர்கள். நாம் அனைவருமே என்றேனும் நோயாளியாவோம். "இம்மருந்து எனக்குத் தேவைதானா ஐயா?" என்று பணிவுடன் கேளுங்கள். தேவையில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவர் எழுதாமல் விட்ட அம்மருந்து, பிறிதொரு நாளில், எங்கோ பிறக்கும் ஒரு குழந்தைக்கு உயிர் தரக்கூடும்.