ஹௌராவில் ஒரு ராத்திரி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீங்கதான் முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊராத் தனியாப் போறீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் இந்தியாவைச் சுற்ற முடியாது. அதனால் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில் நம் விடுதிக் கேட்டை மாலை ஆறரைக்குப் பூட்டுவார்கள். ஆறு முப்பத்திரண்டுக்கு வந்தால் வார்டனிடம் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி வளர்ந்தவள் ஐம்பது வயதுக்கு மேல் தனியாகக் கிளம்பினேன் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

2018 ஆகஸ்ட். கொல்கத்தாவுக்கு ரயில் ஏறினேன். பகலில் போய்ச் சேர வேண்டிய வண்டி. வழியெல்லாம் மழை. ஹௌராவில் இறங்கும்போது இரவு பதினொன்றே முக்கால். செல்போனில் சார்ஜ் பதினான்கு சதவீதம். வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. இந்தி, பள்ளியில் படிக்கும்போது தட்சிண பாரத இந்தி பிரசார சபா பரீட்சை எழுதிய இந்தி. "மாமரத்தில் கிளி உட்கார்ந்திருக்கிறது" என்று தப்பில்லாமல் சொல்வேன். "மீட்டர் போடுங்க" என்று சொல்ல வராது.

ஸ்டேஷன் வாசலில் ப்ரீபெய்டு டாக்ஸி வரிசை. சீட்டு வாங்கினால் மஞ்சள் அம்பாசிடர் வரும். உத்தர்பாராவில் 2014-லேயே அந்தக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று விட்ட வண்டிகளில் ஒன்று எனக்கு வந்தது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும், பீகார்க்காரர். சதர் தெரு என்றேன். வெளியூர்ப் பிரயாணிகள் மலிவாகத் தங்கும் தெரு அது, இந்திய அருங்காட்சியகத்துக்குப் பக்கவாட்டில். தாகூர் கூட இளம் வயதில் கொஞ்ச காலம் அங்கே இருந்திருக்கிறார்.

லாட்ஜில் போய் நின்றேன். முன்பணம் கட்டிய ரூம். "நேரமாயிட்டுது, வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்றான் அங்கே இருந்த பையன். சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான். மணி பன்னிரண்டரை.

வெளியே வந்தால் ஒரு ஆள். "ஹோட்டல் மேடம்? நல்ல ஹோட்டல் மேடம்? பக்கத்துலதான்." வேண்டாம் என்றேன். பின்னாலேயே வந்தான். மூன்றாவது தடவை என் பை வாரையே பிடித்து இழுத்தான். அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. அதை மறைக்க மாட்டேன்.

மாணவிகள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். தெரியாத ஊரில் ராத்திரி நேரத்தில், தானாக வந்து உதவுகிறேன் என்கிறவனும், நாமாகப் போய் உதவி கேட்கிறவரும் ஒன்று அல்ல. முன்னவன் நம்மைத் தேர்ந்தெடுத்தவன். பின்னவரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். நாம் கை காட்டும் ஆள் கெட்டவராக இருக்கும் வாய்ப்பு, நமக்காகக் காத்து நிற்கும் ஆளை விட ரொம்பக் குறைவு. என் கணக்கு இதுதான். இதுவரை பொய்க்கவில்லை.

டாக்ஸி இன்னும் போகவில்லை. ப்ரீபெய்டு சீட்டை இறங்கும்போதே அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் போயிருக்கலாம். ஆனாலும் நான் உள்ளே போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பை வாரைப் பிடித்தவன் சந்துக்குள் மறைந்தான்.

"தீதி, எங்கே போகணும்?" என்றார். இன்னொரு ஹோட்டல் தெரியும், அழைத்துப் போகிறேன் என்றார். நல்லவர்தான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்நேரம் வேண்டியது வெளிச்சமும் கூட்டமும். "திரும்ப ஸ்டேஷனுக்கே விடுங்க" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. தன் வண்டி நம்பரைக் காட்டி, "வீட்டுக்கு இதை எழுதி அனுப்புங்க, அப்புறம் ஏறுங்க" என்றார். அனுப்பினேன். வீட்டுக்காரர் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். "சரி, ஸ்டேஷன்லயே இரு" என்று ஒரே வரி பதில் வந்தது. அத்தோடு போன் அணைந்தது.

திரும்பும் வழியில் ஹௌரா பாலத்தைப் பார்த்தேன். 1943-ல் திறந்தது, 705 மீட்டர் நீளம், நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது. வெற்றிலை எச்சில் துப்பித் துப்பி அதன் தூண்களின் அடிப்பக்கம் அரித்துப்போய், அப்புறம் உறை போட்டு மூடினார்கள். அந்த வேளையிலும் பாலத்துக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தைக்குச் சுமைகள் போய்க்கொண்டிருந்தன. செண்டுமல்லி மூட்டை தலையில், ஈரம் தோளில் வழிய ஆட்கள் ஓடினார்கள். தோவாளைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனை பட்டதும் பாதி பயம் போய்விட்டது.

இருநூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

பெண்கள் காத்திருப்பு அறையில் எனக்கு இடம் ஒதுக்கித் தந்தது ஒரு வங்காளத்து அம்மா. மால்டா பக்கத்துக்காரர். பருத்திப் புடவை, கையில் சங்கு வளையல், மடியில் தடியான ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எந்த ஊர் என்று ஜாடையில் கேட்டார். "தமிழ்நாடு" என்றேன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வேலூர்!" என்றார். அடுத்து, "சாப்பிட்டாச்சா?" என்றார். சுத்தமான தமிழில்!

உங்களில் வேலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்கும். மீன் குழம்பும் சோறும் அவர்கள் ஊர்ப் பக்குவத்தில் கிடைக்கும். வங்காளத்திலிருந்து அத்தனை பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள். இந்த அம்மாவின் மகனுக்கு ரத்தத்தில் ஏதோ நோய். ஐந்து வருஷமாக வந்து போகிறார்கள். மறுநாள் மறுபடி தெற்கே வண்டி ஏற வேண்டும். பையன் ஆண்கள் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவருக்குத் தெரிந்த தமிழ் பன்னிரண்டு வார்த்தை இருக்கும். "வலிக்குதா", "தண்ணி", "எவ்வளவு", "நாளைக்கு வாங்க", "பயப்படாதீங்க". ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். எல்லாம் வார்டிலும் வரிசையிலும் கற்றுக்கொண்டவை. நான் மாமரத்துக் கிளி இந்தியில் பேச, அவர் ஆஸ்பத்திரித் தமிழில் பேச, எங்களுக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. முறுக்கைப் பகிர்ந்துகொண்டோம். அவர் என் பையைப் பார்த்துக்கொள்ள நான் ஒரு மணி நேரம் தூங்கினேன். பிறகு நான் ஃபைலை மடியில் வைத்துக்கொள்ள அவர் தூங்கினார். மகனின் மருத்துவச் சீட்டு அத்தனையும் அதற்குள். தெரிந்து அரை ராத்திரிகூட ஆகாத என்னை நம்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் எனக்கெங்கே தூக்கம் வரும்?

விடிகிற நேரத்தில் எழுந்து, ஃபைலிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தமிழில் எழுதியிருந்தது. முதல் தடவை வேலூர் வந்தபோது தங்கிய வீட்டுக்கார அம்மா எழுதிக் கொடுத்ததாம். காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் இதைக் காட்டுவார். படித்துவிட்டு ஒவ்வொருத்தரும் சிரிப்பார்களாம், ஆனால் மரியாதையாகக் கொண்டுபோய் விடுவார்களாம். இத்தனை வருஷமாக அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

படித்தேன். "ஆட்டோ தம்பி, இவங்க நம்ம வீட்டுக்கு வர்றவங்க. பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. சுத்தி வளைக்காம ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி சந்துல இறக்கி விடு. நூத்தம்பதுக்கு மேல வாங்காதே. வாங்கினா நாளைக்கு நான் ஸ்டாண்டுக்கே வருவேன்."

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காகிதம் மடித்த இடங்களில் கிழிய ஆரம்பித்திருந்தது. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதே வார்த்தைகளில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். நூத்தம்பதை மட்டும் இருநூறு ஆக்கினேன். ஐந்து வருஷத்தில் ஆட்டோ தம்பிக்கும் விலைவாசி ஏறியிருக்குமே!