புரோஸ்டேட் எடுத்த பிறகு வருஷா வருஷம் ஸ்கேன் வேணுமா?

(மாங்காட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்தவங்க முதல்ல கேட்கிறது, "டாக்டர், எப்போ ஸ்கேன்?" என்பதுதான். பிஎஸ்ஏ அளவு சரியாக இருந்து, உடம்பிலும் தொந்தரவு இல்லைன்னா, வழக்கமான ஸ்கேன் தேவையில்லை.

ஏன்? பிஎஸ்ஏ புரோஸ்டேட் செல்கள் சுரக்கிற புரதம். சுரப்பியையே எடுத்துவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் அது ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கணும். (இறங்கவே இல்லைன்னா அது வேறு கதை; உடனே டாக்டரைப் பாருங்க.) நோய் திரும்பினால், ஸ்கேனில் தெரிவதற்கு ரொம்ப முன்னாடியே பெரும்பாலும் இந்த எண் ஏறிவிடும். எண் ஏறாதப்போ சிடி, எலும்பு ஸ்கேன் எடுத்தால் பணமும் கதிர்வீச்சும்தான் மிச்சம். பழைய எலும்புத் தேய்மானம் ஏதாவது தெரிந்து, வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போகும்.

ஆனா ரத்தப் பரிசோதனையை விடாதீங்க. நம்ம ஆளுங்க கோட்டை விடுவது இங்கேதான். டாக்டர் சொன்ன தேதியில், முடிந்தவரை ஒரே லேபில் பாருங்க. 0.2 நானோகிராமைத் தொட்டால் பதறாமல் மறுபடி ஒருமுறை பார்க்கணும். அப்பவும் குறையலைன்னா, பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் பற்றி டாக்டர் பேசுவார். விடாத எலும்பு வலி இருந்தால், எண் நல்லா இருந்தாலும் காட்டுங்க. அபூர்வமாக பிஎஸ்ஏ ஏறாமலும் நோய் திரும்பும்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதி தெரிய போனில் படம் எடுத்து, ஒரே ஃபோல்டரில் வைங்க. நம்ம மாவட்டத்திலேயே, காஞ்சிபுரம் காரப்பேட்டையில், அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. போகும்போது அந்த போனைச் சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போங்க. சந்தேகம்னா 104-க்குக் கூப்பிடுங்க.