பழைய சலவை இயந்திரம்: வாங்கலாமா, வேண்டாமா?



பட்டர்வொர்த் மாக் மண்டின், பினாங்கு மாநிலத்தின் பழைய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. தொழிற்சாலை, பட்டறை, தமிழ்ப்பள்ளி, குடியிருப்பு எல்லாம் அருகருகே இருக்கும் வட்டாரம். கணவனும் மனைவியும் ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டில் இருந்த சலவை இயந்திரம் நின்றுவிட்டது. மாதக் கடைசி; புதியது வாங்கக் கையில் பணம் இல்லை. பழைய சாமான் கடையில் ஒன்று 360 வெள்ளிக்கு இருக்கிறது. "வாங்கிப் போடுவோம், வேற வழி இல்ல" என்கிறார் கணவர். "ரெண்டு மாசத்துல கெட்டுப் போனா யாருங்க பார்ப்பா?" என்கிறார் மனைவி.

மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. பழைய இயந்திரத்தை வாங்கலாமா என்பதற்கான விடையில் பாதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதி, அது இன்னும் எத்தனை காலம் ஓடும் என்பதில் இருக்கிறது. விலை மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆனால் பெரும்பாலோர் விலையை முதலில் பார்க்கிறார்கள். மற்ற இரண்டையும் வாங்கிய பிறகு யோசிக்கிறார்கள்.

துணி துவைப்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் துவைத்துப் பார்க்காதவர்கள். தீவுப் பக்கம் ஜார்ஜ்டவுனில் டோபி காட் என்ற இடம் இருக்கிறது. நம்மவர்கள் அதை வண்ணான் துறை என்று அழைத்து வந்தார்கள். ஆற்றோரத்தில் கல்லில் அடித்துத் துவைத்து ஊருக்கே வெள்ளைத் துணி கொடுத்தவர்கள் அங்கு வாழ்ந்தார்கள். அது ஒரு முழுநேரத் தொழில். அதே வேலையைத்தான் வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் வேலைக்கும் நடுவே, சம்பளம் இல்லாமல் செய்து வந்தார்கள்.

சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ஆம் ஆண்டு ஆற்றிய ஓர் உரை உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. அவருடைய தாயார் பல ஆண்டுகள் பணம் சேர்த்துச் சலவை இயந்திரம் வாங்கினாராம். முதல் நாள் அதைப் பார்க்கப் பாட்டியையும் அழைத்தார்களாம். மிச்சமான நேரத்தில் தாயார் மகனை நூலகத்துக்கு அழைத்துச் சென்றார் என்று ரோஸ்லிங் சொன்னார். ஆகவே சலவை இயந்திரம் வாங்கும் குடும்பம் உண்மையில் வாங்குவது நேரத்தை. அந்த நேரம் பெரும்பாலும் தாயின் நேரம். பழைய இயந்திரம் அடிக்கடி நின்றால், பணத்தோடு அந்த நேரமும் திரும்பப் பறிபோகிறது.

முதலில் ஒரு யோசனை. வீட்டில் நின்று போன இயந்திரத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் பழுது பார்ப்பவரிடம் காட்டிவிட வேண்டும். பெல்ட் அறுந்திருக்கலாம். தண்ணீர் உள்ளே விடும் வால்வு அடைத்திருக்கலாம். தண்ணீரை வெளியேற்றும் பம்பில் ஒரு நாணயமோ சட்டைப் பொத்தானோ சிக்கியிருக்கலாம். இவை சிறிய வேலைகள். மோட்டார், எலெக்ட்ரானிக் போர்டு, டிரம்மின் பேரிங் ஆகியவை போயிருந்தால்தான் செலவு கூடும். அப்போது வேறு இயந்திரம் பற்றி யோசிப்பது நியாயம்.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். புதிய இயந்திரம் 960 வெள்ளி, எட்டு ஆண்டு ஓடுகிறது என்றால், 96 மாதத்துக்கு மாதம் 10 வெள்ளி. பழையது 360 வெள்ளி. ஏற்றி இறக்கும் கூலி, முதல் பழுது எல்லாம் சேர்த்து இன்னொரு 120 வெள்ளி. ஆக 480. அது இரண்டே ஆண்டு ஓடினால் மாதம் 20 வெள்ளி. புதியதைவிட இரண்டு மடங்கு! அதே பழைய இயந்திரம் நான்கு ஆண்டு ஓடினால் மாதம் 10 வெள்ளி, புதியதற்குச் சமம். அதற்கு மேல் ஓடினால் லாபம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொன்னது இந்தச் சுமைகூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்களுக்காகத்தான்.

அப்படியானால் எல்லோரும் புதியதையே வாங்க வேண்டுமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 960 வெள்ளி மொத்தமாகக் கையில் இல்லாதவர் தவணையில் வாங்குவார். தவணைக்கு வட்டி உண்டு. எல்லா மாதத் தவணைகளையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் புதிய இயந்திரத்தின் உண்மையான விலை தெரியும். வாங்காமலே இருப்பதற்கும் விலை உண்டு. காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடையில் ஒரு தடவைக்கு 5 வெள்ளி என்று வைத்து, வாரம் மூன்று தடவை போனால், நான்கு வாரத்துக்கு 60 வெள்ளி. ஆறே மாதத்தில் 360 வெள்ளி போய்விடும். வாடகை வீட்டில் இன்னும் ஓர் ஆண்டு மட்டும் இருக்கப் போகிறவர்கள், வேலைக்காக வந்து ஒன்றாகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஆகியோருக்கு நல்ல பழைய இயந்திரம் புத்திசாலித்தனமான தேர்வுதான். கைக்குழந்தையும் படுக்கையில் இருக்கும் முதியவரும் உள்ள வீட்டில் இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் கஷ்டம். அங்கே உத்தரவாதம் உள்ள இயந்திரத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

எந்த வகை வாங்குவது என்பதும் முக்கியம். இரட்டைத் தொட்டி உள்ள சாதாரண இயந்திரத்தில் பாகங்கள் குறைவு. பழுது பார்ப்பதும் எளிது. வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியும் துவைக்கலாம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பினாங்கில் நாள் கணக்கில் தண்ணீர் தடைப்பட்டது. அந்த மாதிரி நாட்களில் இதன் அருமை தெரியும். மேலே மூடி திறக்கும் தானியங்கி இயந்திரம் நடுத்தரம். முன்பக்கம் கதவு உள்ளது குறைந்த தண்ணீரில் துவைக்கும். ஆனால் அதன் பேரிங் போனால் டிரம்மையே கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே பழையதாக வாங்கும்போது எளிய இயந்திரமே பாதுகாப்பு.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலும், மேலும் கீழும் ஆடினாலும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். துருவும் தண்ணீர் வழிந்த தடமும் அங்கேதான் இருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் கிழிசலோ கருப்புப் பூசணமோ இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

வெறும் டிரம்மை ஓட விட்டுக் காட்டுவது சோதனை ஆகாது. வீட்டிலிருந்து இரண்டு மூன்று தடித்த துண்டுகளைக் கொண்டு போய், தண்ணீர் ஊற்றி, முழுச் சுற்றும் ஓட விட வேண்டும். தண்ணீர் தானாக நிற்கிறதா, முழுவதும் வெளியேறுகிறதா, பிழியும்போது இயந்திரம் இடம்விட்டு நகர்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க அனுமதிக்காத கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. வயர் வெடித்திருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா, எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில இயந்திரங்களில் பச்சை நிறத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி தொங்கும். வேண்டாத கம்பி என்று அதை வெட்டி விடுபவர்கள் இருக்கிறார்கள். அதை முறையாக இணைக்க வேண்டும். எரிவாயுக் குழாயில் ஒருபோதும் கட்டக் கூடாது. ஈரக் கையோடு தொடும்போது 'சுருக்'கென்று இருந்தால், பயன்படுத்துவதை உடனே நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

வெள்ளம் பார்த்த இயந்திரமா என்றும் கேட்க வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். மோட்டாருக்கும் போர்டுக்கும் சேற்றுத் தண்ணீர் ஏறிய இயந்திரம், காய வைத்த பிறகு சில நாள் ஓடலாம். உள்ளே அரிப்பு தொடர்ந்து கொண்டிருக்கும். பின்பக்க மூடிக்குள் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

இனி, "யார் பார்ப்பா?" என்ற கேள்விக்கு வருவோம். மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வியாபாரமாக விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பழைய பொருள் என்பதால் கடைக்காரர் முழுவதும் தப்பித்துவிட முடியாது. ஆனால் தரத்தை மதிப்பிடும்போது விலையும் பொருளின் தன்மையும் பார்க்கப்படும். 360 வெள்ளி இயந்திரத்திடம் புதிய இயந்திரத்தின் உழைப்பை எதிர்பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்பே "இந்தக் குறை இருக்கிறது" என்று சொல்லி விற்றிருந்தால், பிறகு அதே குறைக்காகப் புகார் செய்யவும் முடியாது. அதே சமயம், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் சட்டம் கொடுத்த உரிமை மறைந்துவிடாது.

கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்ற அந்த மன்றம், இப்போது 50,000 வெள்ளி வரை ஏற்கிறது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும். ஆலோசனை வேண்டுவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் நீண்ட காலம் தலைமையேற்று நடத்திய அந்தச் சங்கம் சாதாரண மக்களின் புகார்களைக் கேட்டு வளர்ந்த சங்கம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான். வீடு மாறிப் போகிறவர், தெரிந்தவர், அண்டை வீட்டார் ஆகியோரிடம் வாங்கினால் இந்த மன்றத்துக்குப் போக முடியாது. அவர்களிடம் வாங்கவே கூடாது என்பதல்ல. எத்தனை ஆண்டு ஓடியது, எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்பதை அவர்களிடம் நேரே கேட்கலாம். வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பொறுப்பேற்க ஆள் இல்லாத இயந்திரத்துக்குக் கடை விலை கொடுக்கக் கூடாது. அது நின்றால் நமக்கு நட்டம் என்று ஏற்றுக்கொள்ளக் கூடிய விலைதான் அதற்குரிய விலை.

கடையில் வாங்குவதென்றால் ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. கடையின் பெயர், முகவரி, தேதி, இயந்திரத்தின் மாடல், வரிசை எண், விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். "நம்ம ஆளுதானே, ஒன்னும் ஆகாதுண்ணே" என்ற வாய்வார்த்தை நடுவர் மன்றத்தில் நிற்காது. பழைய பொருள் வியாபாரத்துக்கு உரிமம் தேவை என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உரிமம் உள்ள கடையில் வாங்கினால், திருட்டுப் பொருளை வாங்கிவிட்டோமோ என்ற பயமும் குறையும்.

சுருக்கமாகச் சொன்னால் மூன்று கேள்விகள். முழுச் சுற்றும் நம் கண்முன் ஓடியதா? அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா? உத்தரவாதம் எழுத்தில் உள்ளதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் தைரியமாக வாங்கலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டுக்கு "இல்லை" என்றால், இன்னும் இரண்டு மாதம் டோபிக் கடைக்குப் போய் வந்தாலும் பரவாயில்லை. பணத்தைச் சேர்த்து வைப்பதே நல்லது.

வாங்கும் முடிவை யார் எடுப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் விலை பேசுவது ஒருவர், துவைப்பது இன்னொருவர். துவைக்கிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லாமல் இயந்திரம் வாங்கி வருவது சரியல்ல. அதைத் தினமும் தொடப் போகிறவர் சொல்லும் "சரி"தான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும்.