தாய்நகராய் இருந்த செஞ்சி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேரூராட்சி அளவிலான ஓர் ஊரில் பத்தாண்டுக் காலம் இலக்கிய வட்டம் ஒன்று இடையறாது கூடி வந்திருப்பது எளிய செயல் அன்று. அதனை நடத்திவரும் அன்பர்களைப் பாராட்டுவது என் முதற்கடமை. ‘செஞ்சிக் கோட்டை’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் ஒரு சிறு திருத்தம் வேண்டினேன். கோட்டை என்னும் சொல்லை விடுத்து, செஞ்சி என்னும் நகரைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு மாணவியர்க்கு ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதித் தரப் பணித்தேன். அவர்களுள் செஞ்சி வட்டாரத்து மாணவியர் பலர் இருந்தனர். அவர்கள் எல்லோரும் தேசிங்கு ராஜனையும் அவன் குதிரையையும் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வெற்றுத்தாளைத் திருப்பித் தந்தாள். காரணம் கேட்டபோது, “எங்க தெருவுல ராஜா யாரும் இல்லையே அம்மா, என்ன எழுதுறது?” என்றாள். அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்றைய உரை அதற்கு நான் தேடிய விடை என்று கொள்ளலாம்.

இன்றைய செஞ்சியை முதலில் நோக்குவோம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாக இவ்வூர் விளங்குகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 27,000 பேர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊரைக் கடந்து, மலைகளுக்கு இடையே கோட்டை மதிலை ஊடறுத்துச் செல்கிறது. நெல்லும் மணிலாவும் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இவ்வூரின் பொருளியல் உயிர்நாடி. அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இரயில் பாதை நெடுநாளாகப் பேசப்படுகிறது. இரயில் இன்னும் வந்து சேரவில்லை.

இவ்வூரை ‘மாநகர்’ என்றால் இன்று கேட்போர் நகைப்பர். ஆனால் 1597-ஆம் ஆண்டில் இங்கு வந்த பிமெண்டா என்னும் ஏசுசபைத் துறவி நகைக்கவில்லை. தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், லிஸ்பன் ஒன்று நீங்கலாகப் போர்த்துகல் நாட்டின் எந்நகரினும் இது பெரியது என்றும் அவர் எழுதி வைத்தார். நகரின் நடுவே, தானே ஒரு நகர் போல விளங்கிய கோட்டையையும், நீர் நிறைந்த அகழியையும் அவர் குறிப்பிடுகிறார். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் கண்டது நகர். கோட்டை அதன் நடுவே இருந்த ஒரு பகுதி. நாமோ இன்று கோட்டையை மட்டும் கண்டு நகரை மறந்துவிட்டோம்.

பெருநகரைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் ‘மெட்ரோபாலிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் ‘தாய்நகர்’ என்பது பொருள். மக்கள் மிகுதியாக நெருங்கி வாழ்வதால் மட்டும் ஓர் ஊர் தாய்நகர் ஆகிவிடாது. சுற்றியுள்ள ஊர்கள் அதனைச் சார்ந்தும், அது அவற்றைச் சார்ந்தும் வாழவேண்டும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் நாயக்கர் காலத்துச் செஞ்சி ஐயத்திற்கு இடமின்றித் தாய்நகரே.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து முக்கோணமாய் மதில் செல்கிறது. மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். கோன் மரபினர் தொடங்கிய அரணை விசயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட நாயக்கர்கள் பெருக்கினர். களஞ்சியம், குதிரை இலாயம், கல்யாண மகால், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில் ஆகியவை இன்றும் நிற்கின்றன. கல்யாண மகாலுக்கு வெளியிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. இவற்றுள் போருக்கென்றே அமைந்தவை எத்தனை? களஞ்சியம் உழவரைக் காட்டுகிறது. சுடுமண் குழாய் குயவரையும் நீரியல் அறிந்தோரையும் காட்டுகிறது. கோயில் சிற்பங்கள் கல்தச்சரைக் காட்டுகின்றன.

இந்நகரின் சுற்றுப்புறமோ இன்னும் பழமையானது. சிங்கவரத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்ட பல்லவர் குடைவரை உள்ளது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக அமைந்துள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கூறும் தொன்மையான கல்வெட்டும் அங்கேயே உள்ளது. தமிழ்ச் சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மனை நாடி அமாவாசைதோறும் மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். வைணவமும் சமணமும் அம்மன் வழிபாடும் பின்னர் வந்த இசுலாமும் ஒரு நாள் நடைக்குள் அடங்கும் நிலப்பகுதி இது.

கடற்கரையும் இந்நகரின் கைக்கு எட்டியதாகவே இருந்தது. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் வெள்ளாற்று முகத்தருகே தம் பெயரால் கிருஷ்ணப்பட்டினம் என்னும் புதுநகரை எழுப்பினார். 1608-ஆம் ஆண்டையொட்டித் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய டச்சுக்காரர் இசைவு பெற்றதும் செஞ்சி நாயக்கரிடமே. அதே தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது, அப்போது செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடம். பிற்காலத்தில் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது அதுவே.

இத்தகைய தாய்நகர் எவ்வாறு தளர்ந்தது? 17-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பீஜப்பூர்ப் படையும், 1677-இல் சிவாஜியும் இதனைக் கைக்கொண்டனர். 1689-இல் இராஜாராம் இங்கு அடைக்கலம் புகுந்தபின் செஞ்சியே மராட்டிய அரசின் தலைநகராயிற்று. 1690-இல் முகலாயர் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுற்றது. முற்றுகை என்னும் சொல் வரலாற்று நூல்களில் படைத்தலைவர் பெயர்களோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்து வயல்கள் என்னவாயின, நெசவாளர் எங்கே சென்றனர் என்பதை நாம் கேட்பதில்லை.

அதன்பின் முகலாய ஆளுநர்கள் தலைமையிடத்தை ஆர்க்காட்டுக்கு மாற்றினர். செஞ்சியின் காற்றும் நீரும் உடல்நலத்திற்கு ஒவ்வாதவை என்னும் எண்ணம் அதற்கு ஒரு காரணம். 1714 அக்டோபரில் தேசிங்கு ராஜன் என மக்கள் போற்றும் இளைஞர் தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரில் மாண்டார். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் 1780-இல் ஐதர் அலியும் கோட்டையைக் கைப்பற்றினர். வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில புதுச்சேரிக்குச் சென்றன. அங்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் இம்மண்ணிலிருந்து போனவை என்பதை நம்மில் பலர் அறிவர். அரசு ஆர்க்காட்டிற்குப் போயிற்று, வணிகம் கடற்கரைக்குப் போயிற்று, தூண்களும் போயின. எஞ்சியவர்கள் மக்கள் மட்டுமே.

அம்மக்களைப் பற்றி நம் இலக்கியம் கூறுவது யாது? தேசிங்கு ராஜன் கதை நாட்டுப்புற இலக்கியத்தின் அரிய செல்வம். இராஜபுத்திர இளைஞனுக்கும் அவன் இசுலாமியத் தோழன் மகபத்கானுக்கும் இருந்த நட்பைத் தமிழ் மக்கள் தம் கதையாகவே ஏற்றுக்கொண்டது பெருமைக்குரியது. ஆயினும் சில திங்களே ஆண்ட ஒரு மன்னனின் கதையால் பல நூற்றாண்டு வாழ்ந்த நகர் ஒன்று மறைந்துவிடக் கூடாது.

ஒரு சான்று மட்டும் காட்ட விழைகிறேன். மூன்றாவது மலையை நாம் சந்திரயான் துர்க்கம் என்று எழுதுகிறோம். பழைய நூல்கள் அதனைச் சக்கிலி துர்க்கம் என்றே குறிக்கின்றன. அருந்ததியர் மக்களை இழிவாகச் சுட்ட ஒரு சொல் ஒரு மலையின் பெயரில் ஏறியது எவ்வாறு? சேணமும் கடிவாளமும் கவலைத் தோற்பையும் இன்றிக் குதிரைப்படை இல்லை, நீர்ப்பாசனமும் இல்லை. அவற்றைச் செய்து தந்தோர்க்கு இந்நகரில் இருந்த இடம் எது? இழிசொல்லை நீக்குவது முறையே. ஆனால் பெயரோடு சேர்த்து அம்மக்களின் உழைப்பையும் நினைவிலிருந்து நீக்கிவிடுவோமானால் அது இரண்டாவது இழிவாகும்.

2025 சூலை 11-ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழகத்தில் உள்ளது செஞ்சி ஒன்றே. நாம் மகிழ வேண்டிய செய்தி இது. எனினும் அப்பெயரைக் கருதிப் பாருங்கள். உலகம் நம் ஊரைப் படைத்துறை நிலமாக ஏற்றுள்ளது. வருவோர்க்கு மதிலையும் பீரங்கியையும் காட்டப் பலர் இருப்பர். நகரையும் மக்களையும் காட்ட நாம்தான் இருக்கிறோம்.

1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் வரலாற்றையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதினார். ஆட்சியாளர் வரலாறு அதில் உண்டு. ஆளப்பட்டோர் வரலாறு இனி எழுதப்பட வேண்டும். அதற்கு ஆவணக் காப்பகங்களுக்கு மட்டும் செல்வது போதாது. இவ்வூர்த் தெருப்பெயர்கள், குளங்களின் பெயர்கள், வயல்களின் பெயர்கள், ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, விற்பனைக்கூடத்தில் மூட்டை தூக்குவோரின் சொற்கள் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். முதியோர் ஒருவர் மறையும்போது ஒரு குளத்தின் பெயரும் உடன் மறையலாம். ஆகவே இப்பணி காத்திருக்கத்தக்கது அன்று. வட்டத்தின் மாதக் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் இதற்கென ஒதுக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறேன்.

வெற்றுத்தாள் தந்த அந்த மாணவிக்கு இன்று நான் கூற விரும்புவது இதுதான்: உன் தெருவில் ராஜா இல்லை என்பது குறையன்று, அம்மா. ராஜாக்கள் எல்லோரும் போனபின்பும் இவ்வூரில் தங்கியிருந்து இதனை ஊராகக் காத்தவர்கள் உன் தெருவினர். அவர்களைப் பற்றி எழுது. நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.